ஒன்பதாவது வளைவுக்குள் ஒரு மாத்திரை

போடிநாயக்கனூருக்கு நான் போய்ச் சேர்வதற்கு ஏழு மாதம் முன்பே என் குரல் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அது அங்கே என்னென்ன செய்து வைத்திருந்தது என்பதை நேரில் பார்க்கப் போன கதைதான் இது.

நான் சென்னையில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மருத்துவமனைகள் தங்கள் நோயாளிகளின் எண்களை எங்களிடம் கொடுக்கும். அந்த எண்களுக்குத் தினமும் காலையில் தானாகவே ஒரு போன் போகும். “வணக்கம். காலை உணவு முடிந்ததா? மாத்திரை எடுத்துக்கொண்டீர்களா? ஆம் என்றால் எண் ஒன்றை அழுத்தவும்” என்று ஒரு பெண் கேட்பாள். ஒன்றை அழுத்தினால், “மிக நன்று. இப்படியே தொடருங்கள்” என்று பாராட்டிவிட்டு வைத்துவிடுவாள். அழுத்தியவர் பெயருக்கு நேரே கணினித் திரையில் பச்சைப் புள்ளி விழும். அழுத்தாதவருக்குச் சிவப்பு. அந்த வாசகத்தை எழுதியது நான். பேச வேண்டிய பெண்ணுக்கு அன்றைக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால், பேசியதும் நானே.

போடியில் ஒரு சிறிய மருத்துவமனை எங்களோடு சேர்ந்திருந்தது. அதன் பட்டியலில் குருவம்மா என்றொரு பெயர். வயது ஐம்பத்திரண்டு, சர்க்கரை நோய், ஏலத்தோட்டத்துக் கூலி வேலை. ஏழு மாதத்தில் அவர் பெயருக்கு நேரே ஒரு சிவப்புகூட இல்லை. எங்கள் மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. “நம்ம நட்சத்திர நோயாளி இவங்கதான். போய் ரெண்டு நிமிஷம் வீடியோ எடுத்துட்டு வா” என்று என்னைக் கிளப்பிவிட்டார்.

இங்கே ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தைராய்டு தொந்தரவு. விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போட வேண்டும். என் போனும் தினமும் மணியடித்து நினைவூட்டுகிறது. நானும் தினமும் கண்ணைத் திறக்காமலேயே அதை விரலால் தள்ளிவிட்டுத் திரும்பிப் படுக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

போடியில் இறங்கியதும் முதலில் தெரிந்தது காற்று. சென்னையில் எங்கள் கொளத்தூரில் மின்விசிறி நின்றால் எங்கள் மூச்சும் நின்றுவிடும். இங்கே மலையிலிருந்து இறங்கிய காற்று என் துப்பட்டாவைப் பிடுங்கி, பக்கத்தில் நின்றவர் முகத்தில் போட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே டீக்கடைக்குள் ஒதுங்கினேன். ஏலக்காய் ஊருக்கு வந்திருக்கிறோமே என்று, “ஏலக்காய் டீ ஒண்ணு போடுங்கண்ணே” என்றேன். டீ போடுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஊர் பூராம் ஏலக்கா வாசந்தான் அடிக்குது. அதுக்கு மேல டீயில வேற எதுக்கும்மா?” என்று சொல்லி, கேட்காமலேயே இஞ்சியைத் தட்டிப் போட்டுக் கொடுத்தார். நல்ல டீ.

மருத்துவமனையில் ஜன்னத் என்ற நர்ஸைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ஊரே அவரை ஜன்னத் சிஸ்டர் என்றுதான் சொல்கிறது. நான் போனபோது அவர் உள்ளே யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தார். வெளியே நீள பெஞ்சில் ஏழெட்டுப் பெண்கள். “குடிக்கத் தண்ணி எங்கங்க இருக்கு?” என்றுதான் கேட்டேன். பெஞ்சு மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

“ஏத்தா, இது ஒண்ணாம் நம்பர் பிள்ளையில்ல?” என்றார் ஒருவர்.

“அதே கொரலுதான். நல்லா ஒசரமா இருப்பான்னுல்ல நெனச்சேன்!” என்றார் இன்னொருவர்.

அடுத்த நிமிடம் நான் பெஞ்சின் நடுவில் உட்கார வைக்கப்பட்டிருந்தேன். எல்லாருக்கும் என்மேல் ஒரே குறைதான். நாங்கள் கேட்பது எதற்கும் நீ ஏன் பதில் சொல்ல மாட்டேன் என்கிறாய்? ஒருவர் மகன் கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் முதலில் என்னிடம்தான் சொன்னாராம். “வரலேன்னாலும் பரவால்ல. வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது பதிவு செய்த குரல், நீங்கள் பேசுவது எனக்குக் கேட்காது என்று விளக்கினேன். பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் நம்பவில்லை. நானும் சிரித்தேன். அன்றைக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

ஜன்னத் சிஸ்டர் வெளியே வந்தார். நாற்பது வயது இருக்கும். வேகமான நடை. பேச்சு அதைவிட வேகம். குருவம்மா மருத்துவமனைக்கு வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது என்றார். “முன்னாடி எல்லாருக்கும் நானே போன் போடுவேன். விரலு தேஞ்சு போகும். இப்ப செவப்பு விழுந்தவங்களுக்கு மட்டும் போட்டாப் போதும்னு சொல்லிட்டாங்க. குருவம்மாக்கா எப்பவும் பச்சைதான். அப்பறம் நான் எதுக்குக் கூப்புட?” எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சாயங்காலம், மலையிலிருந்து ஜீப்புகள் இறங்கும் நேரத்தில் சிஸ்டர் என்னை ஜீப் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போனார். ஜீப் ஒவ்வொன்றிலிருந்தும் பெண்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அதில் இத்தனை பேர் எப்படி இருந்தார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. செல்வம் என்பவரின் ஜீப்பிலிருந்து கடைசியாக இறங்கியவர் குருவம்மா. மெலிந்த உடம்பு. சிரித்தால் முகம் முழுக்கச் சிரிப்பு. சிஸ்டர் என்னைக் காட்டியதும் என் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

“பேசு தாயி, கேப்போம்.”

“வணக்கம். காலை உணவு முடிந்ததா?” என்றேன். ஜீப் ஸ்டாண்டே சிரித்தது. அவர் மட்டும் கண் கலங்கிவிட்டார். “தெனமும் வெள்ளன என்னய மாத்திரை போட்டியான்னு கேக்க நீ ஒருத்திதான இருக்க” என்றார். மறுநாள் நானும் அவரோடு மலைக்கு வருவதாக முடிவானது. பிரியும்போது, “ஜீப்புல ஏறுமுன்ன எதுவும் திங்காத தாயி” என்று இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் விடிகாலையில் விடுதிக்குப் பக்கத்துத் தள்ளுவண்டியில் ஆவி பறக்க இட்லி வைத்திருந்தார்கள். தேங்காய்ச் சட்னி, கூடவே மல்லிச் சட்னி. நாலு சாப்பிட்டேன். பட்டணத்துக்காரிக்கு யார் சொல்லித்தான் ஏறும்?

செல்வம் அண்ணனின் ஜீப்பில் நாங்கள் பதினொரு பேர். வண்டி ஓட்டுவதும், தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பதும், யாரை ஏற்றுவது யாரை விடுவது என்று முடிவு செய்வதும் அவர்தான். அடிவாரத்து முந்தலைத் தாண்டி மலைப்பாதை ஆரம்பித்ததும் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எண்ணிக்கொண்டே வந்தேன். ஐந்தாவது வளைவில் எண்ணுவதை நிறுத்தினேன். ஏழாவதில் செல்வம் அண்ணனின் தோளைத் தட்டினேன். அவர் எதற்கு என்று கேட்காமலேயே ஓரம் கட்டினார்.

பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நாலு இட்லியையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. ஜீப்புக்குள் ஒரு போன் அடித்தது. அடுத்த நொடி இன்னொன்று. பிறகு ஏழு போன் ஒன்றாக அடித்தது. ஏழிலிருந்தும் என் குரல், ஒன்றன்மேல் ஒன்று ஏறி: “வணக்கம். காலை உணவு முடிந்ததா?”

முடிந்தது, வெளியிலும் வந்தாயிற்று. ஜீப் வயிறு குலுங்கச் சிரித்தது. ஒருவர் என் முதுகைத் தடவினார். ஒருவர் எலுமிச்சம்பழத்தைக் கீறி மூக்கருகே பிடித்தார். அதற்கிடையிலும் ஏழு பேரும் வெரசாக ஒன்றை அமுக்கிவிட்டார்கள். ஒன்பதாவது வளைவு தாண்டினால் டவர் போய்விடுமாம், அதனால் அங்கே போவதற்குள் எனக்குப் பதில் சொல்லிவிட வேண்டுமாம்.

“யாராவது சாப்பிட்டுட்டு வந்தீங்களா?” என்று கேட்டேன்.

“கிறுக்கா பிடிச்சிருக்கு? சாப்புட்டா ஒன்னய மாதிரித்தான் நிக்கணும். பத்து மணிக்கு மேலதான் கஞ்சி” என்றார் எலுமிச்சம்பழக்காரர்.

வெறும் வயிற்றோடு வளைவேறும் ஜீப்பில், காலை உணவு முடிந்ததா என்று ஏழு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தோடு முடிகிற விஷயமாக அது இல்லை.

போடிமெட்டில் ஜீப் பத்து நிமிடம் நின்றது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில் பால் இல்லாத கட்டன் சாயா குடித்தேன். சாயா கொடுத்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, முதல் தடவையா, பரவாயில்லை, இரண்டாம் தடவை சரியாகிவிடும் என்று மலையாளத்தில் ஆறுதல் சொன்னார். சென்னையில் வாந்தியெடுத்தவளைக் கண்டால் ஆட்டோவே நிற்காது.

தோட்டத்துக்குள் வெயில் இறங்கவில்லை. பெரிய மரங்களின் நிழலில் ஆள் உயரத்துக்கு மேல் ஏலச்செடி. காய் மேலே காய்க்கும் என்று நினைத்திருந்தேன். அது செடியின் காலடியில், தரையை ஒட்டிச் சரம் சரமாகக் கிடக்கிறது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இலையை ஒதுக்கி, முற்றின காயை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். சரிவு வேறு. ஈரத்தில் கால் வழுக்கியது. என் காலில் ஒரு அட்டை ஏறி ரத்தம் குடித்துக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது. குருவம்மாதான் சுண்ணாம்பைத் தொட்டு வைத்து அதை விழ வைத்தார். அவர் கை பறிக்கும் வேகத்தைப் படமெடுக்க போனைத் தூக்கினேன். மேலாளர் கேட்ட வீடியோ இதுதான்.

போனின் திரையில்தான் முதலில் பார்த்தேன். அவர் கை நின்றுவிட்டது. நெற்றி, கழுத்தெல்லாம் வேர்வை. அந்தக் குளிரில் வேர்வை! ஒரு ஏலத்தண்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தார். கண் திறந்திருந்தது, பார்வை எங்கேயோ இருந்தது. விரல்கள் நடுங்கின. என் அப்பாவும் சர்க்கரை நோயாளி. இந்த வேர்வையையும் நடுக்கத்தையும் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். போனைப் போட்டுவிட்டு, “சர்க்கரை கொண்டாங்க, வெரசா!” என்று கத்தினேன். அந்த ஊர்ப் பேச்சு அதற்குள் எனக்கும் தொற்றியிருந்தது. யாரோ சாயாவுக்கு வைத்திருந்த சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் பார்வை திரும்பி வந்தது.

செல்வம் அண்ணன் ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“இந்த மாசத்துல இது மூணாவது வாட்டி ஆத்தா. அன்னைக்கு அந்தப் பாறை தடுக்கலேன்னா என்ன ஆகியிருக்கும்? கீழ உருண்டா ஒம் மகளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? நாளையில இருந்து ஜீப்புல ஏறாத. வீட்டுல இரு.”

குருவம்மா, பறித்த காயை மடியிலிருந்து சாக்கில் கொட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார். கணவர் இல்லை, மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. இருபது வருடமாக இந்த ஜீப்பின் பின்சீட்டு மூலைதான் அவருடைய வாழ்க்கை. பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

கஞ்சி குடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். “அக்கா, மாத்திரை எப்பப் போடுறீங்க?”

“ராத்திரிதான். காலைல உள்ளது, ராத்திரி உள்ளது, ரெண்டையும் சோறு தின்னுட்டுச் சேத்துப் போட்டுக்கிருவேன். வெள்ளன சாப்புடுறதில்லையே. சாப்பாட்டுக்கு அப்பறம்னுல்ல டாக்டரு சீட்டுல போட்டிருக்கு. மலைக்குக் கொண்டாந்தா நனைஞ்சு மாவாப் போகுது.”

“யார்க்கா அப்படிப் போடச் சொன்னது?”

அவர் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டார். முகத்தில் கோபமில்லை, திகைப்புதான்.

“நீதான தாயி சொன்ன? ரெண்டையும் ராத்திரியே சேத்துப் போட்டுக்கிறட்டுமான்னு ஒங்கிட்டக் கேட்டேனே. ஒண்ணை அமுக்கினேன். ‘மிக நன்று, இப்படியே தொடருங்கள்’னு சொன்ன. கெறக்கம் வந்த அன்னைக்கும் கேட்டேன். அதையேதான் சொன்ன.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு வேளை மாத்திரையும் ஒன்றாகப் போட்டுவிட்டு, மறுநாள் பத்து மணி வரை ஒன்றும் சாப்பிடாமல் சரிவில் குத்துக்காலிட்டு வேலை செய்திருக்கிறார். உடம்பில் இருந்த சர்க்கரையெல்லாம் வடிந்துபோயிருக்கிறது. அப்போதும் நான் அவரைப் பாராட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் திரையில் பச்சை விழுந்துகொண்டிருந்தது. “மன்னிச்சிருங்கக்கா, எனக்குக் கேட்கல” என்றேன்.

“சரி, விடு. இப்பக் கேட்டுருச்சுல்ல” என்று சொல்லி, தன் தூக்குவாளியிலிருந்து கருவாட்டு வெஞ்சனத்தை எடுத்து என் கையில் வைத்தார். அழுதுகொண்டே சாப்பிட்டேன். அவ்வளவு ருசியான கருவாட்டை நான் சாப்பிட்டதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் குருவம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனோம். பரிசோதனை செய்துவிட்டு அவர் மாத்திரையை மாற்றினார், அளவையும் குறைத்தார். காலை மாத்திரையை மலையிலேயே பத்து மணிக் கஞ்சியோடு போடச் சொன்னார். நனையாமல் இருக்க ஜன்னத் சிஸ்டர் ஒரு வழி சொன்னார். இறுக்கமாக மூடும் சின்ன டப்பா ஒன்றை எடுத்து, தூக்குவாளிக்குள் வெஞ்சன டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்துக் காட்டினார். சோற்றைத் திறந்தால் மாத்திரை கண்ணில் படும். ஏழு மாதமாக எங்கள் அலுவலகத்தில் ஏழு பேர் உட்கார்ந்து யோசித்தும் எங்களுக்கு இது தோன்றவில்லை.

ஆனால் எல்லாரும் போனபின் சிஸ்டர் என்னிடம் பொரிந்து தள்ளினார். “நான் போன் போட்டிருந்தா, ‘சாப்பிட்டியாக்கா, என்ன வெஞ்சனம்’னுதான் தொடங்கியிருப்பேன். ‘இன்னும் சாப்புடலடி’ன்னு சொல்லியிருப்பாங்க. அங்கயே பிடிச்சிருப்பேன். நீங்க பச்சைன்னு காட்டி என் கண்ணைக் கட்டிட்டீங்க.” நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கோபம் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. மதியம் தன் வீட்டுக்கே கூட்டிப் போய் நெய்ச்சோறும் தால்ச்சாவும் போட்டார். வேண்டாம் என்று சொல்லும்போதெல்லாம் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது.

சாயங்காலம் செல்வம் அண்ணனிடம் போய்ப் பேசினேன். மாத்திரையை மாற்றியாகிவிட்டது, எங்கள் கணினியில் இனி தனியாகக் கவனிப்போம் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் ஸ்டெப்னி டயரைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

“ஒங்க மெசினு சொன்னா ஏத்த மாட்டேன்மா. அதான் ஏழு மாசமா நல்லா இருக்காங்கன்னு சொல்லுச்சே. ஜன்னத் சிஸ்டரு பாத்துட்டு, ‘ஏத்திக்கண்ணே’ன்னு சொல்லட்டும். ஏத்திக்கிறேன்.”

மூன்று நாள் காலையும் மாலையும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றார் சிஸ்டர். மறுநாள் கிளம்ப வேண்டிய நான் தங்கிவிட்டேன். மேலாளருக்கு ஒரே வரியில், “வீடியோ எடுக்க முடியவில்லை, விஷயம் வேறு” என்று அனுப்பினேன்.

நாலாம் நாள் சிஸ்டரோடு மலையோரக் குரங்கணிக்குப் போனேன். அவர் பட்டியலில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடும் காப்பித் தோட்டக்காரர், பத்து நாளாக ஒன்றை அழுத்தவில்லை. போகிற வழியில் எங்கள் வண்டி பஞ்சராகி ஒரு மணி நேரம் வெயிலில் நின்றோம். அந்த வழியாக வந்த ஒருவர் இறங்கி டயரை மாற்றிக் கொடுத்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போனார். வீட்டை அடைந்ததும் சிஸ்டர் மாத்திரையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. முதலில் பசுமாட்டைப் பார்த்தார். கன்று ஈன்றதா என்றார். சீம்பால் எனக்கு எங்கே என்று சண்டை போட்டார். அதற்குப் பிறகு அந்த மனிதர் தானாகவே, மாத்திரை தீர்ந்து பத்து நாளாகிறது, கீழே இறங்கி வாங்க நேரமில்லை என்றார். சிஸ்டர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

திரும்பும்போது நான் வருத்தத்தோடு, “இந்தப் போன் வேலையே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடலாமா?” என்று கேட்டேன்.

“நல்லாருக்கே! செவப்பு விழுகலேன்னா இவரத் தேடி நான் எங்கிட்டு வர்றது? என் பட்டியல்ல அம்புட்டுப் பேரு இருக்காங்க. நான் ஒருத்தி. மெசினு வேணும். அது நம்பர எண்ணட்டும். மனுசரக் கேக்குறது நம்ம சோலி” என்றார். நியாயமான மனுஷி.

ஐந்தாம் நாள் குருவம்மா வீட்டில் நாங்கள் புதிய வாசகம் எழுதினோம். நாங்கள் என்றால் நான், சிஸ்டர், குருவம்மா, அன்றைக்கு மலைக்குப் போகாத பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர். போன் இனி ஜீப்புகள் இறங்கிய பிறகு சாயங்காலம் வரட்டும் என்று முதலில் முடிவானது. ‘காலை உணவு’ போயிற்று. ‘மிக நன்று, இப்படியே தொடருங்கள்’ என்பதை நானே என் கையால் அடித்தேன். “இது பதிவு செய்யப்பட்ட குரல்” என்று நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். யாருக்கும் பிடிக்கவில்லை.

“ரேடியோப் பொட்டி மாதிரின்னு சொல்லு தாயி. நான் பேசுறது ஒங்களுக்குக் கேக்கும், நீங்க பேசுறது எனக்குக் கேக்காதுன்னு சொல்லு. வெளங்கிரும்” என்றார் குருவம்மா.

அப்படியே எழுதினேன். முடிவில் ஒரு வரி சேர்த்தோம்: “எதாவது சொல்லணும்னா ரெண்டை அமுக்குங்க. ஜன்னத் சிஸ்டர் உங்களைக் கூப்பிடுவாங்க.” அந்த வீட்டிலேயே உட்கார்ந்து பதிவு செய்தேன். பின்னால் சேவல் கூவியது. இன்னொரு முறை பேச வேண்டாம், சேவல் இருக்கட்டும் என்று எல்லாரும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

அந்த நேரம் பார்த்து என் போனில் தைராய்டு மணி அடித்தது. மலைக்குப் போய்வந்தபின் தாமதமாக எழுந்துகொண்டிருந்ததால் அதைப் பத்து மணிக்கு மாற்றி வைத்திருந்தேன். பழக்கதோஷத்தில் விரலால் தள்ளினேன். குருவம்மா பார்த்துவிட்டார்.

“என்னத்தா அது? மாத்திரைக்கா? தள்ளி விட்டுட்டியே?”

பொய் சொல்ல முடியவில்லை. மாதக்கணக்காகத் தள்ளிவிட்டுக்கொண்டிருப்பதைச் சொன்னேன். வீடே என்னைப் பார்த்தது. குருவம்மா கை நீட்டினார். என் போனை வாங்கி, அதிலிருந்து தன் எண்ணுக்கு ஒரு போன் போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை.

ஆறாம் நாள் விடிகாலையில் ஜீப் ஸ்டாண்டில் நின்றேன். வெறும் வயிற்றோடு. குருவம்மா சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி, தூக்குவாளியோடு ஒரு ஓரமாக நின்றார். கையிலிருந்த வாளியை அடிக்கடி மாற்றிப் பிடித்தார். சிஸ்டர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். குருவம்மாவின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். பிறகு தூக்குவாளியைத் திறந்து சின்ன டப்பா இருக்கிறதா என்று பார்த்தார். அதற்கப்புறம்தான் திரும்பினார்.

“ஏத்திக்கண்ணே” என்றார்.

செல்வம் அண்ணன் வேறெதுவும் கேட்கவில்லை. பின்சீட்டு மூலையில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்து, “நகந்து உக்காருத்தா, அது ஆத்தா எடம்” என்றார். குருவம்மா ஏறி உட்கார்ந்தார். ஜீப் கிளம்பும்போது என் கையில் ஒரு துணிப் பொட்டலம் வந்து விழுந்தது. பிரித்தால் ஏலக்காய். தோட்டத்துக் காய் இல்லை, அவர் தன் கூலிக் காசில் கடையில் வாங்கியது. எனக்கு அந்த ஊர்மேல், அந்த ஜீப்மேல், என்னைத் திட்டிய சிஸ்டர்மேல், என்னைத் திட்டாத குருவம்மாமேல் வந்த நன்றியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கையை மட்டும் ஆட்டினேன்.

சென்னைக்கு வந்து மூன்று வாரமாகிறது. மேலாளரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். “அந்த ரெண்டாம் நம்பரை எல்லா ஊருக்கும் போட்டுடு” என்றார். சேவலைப் பற்றிக் கேட்டார். அது இருக்கட்டும் என்றேன். குருவம்மாவுக்கு அதற்குப் பிறகு மயக்கம் வரவில்லை. அவர் பெயருக்கு நேரே இதுவரை இரண்டு சிவப்பு விழுந்திருக்கிறது. இரண்டு தடவையும் சிஸ்டர் போன் போட்டார். ஒருமுறை மகள் திருப்பூரிலிருந்து வந்த சந்தோஷத்தில் மறந்துவிட்டாராம். ஏழு மாதப் பச்சையைவிட அந்த இரண்டு சிவப்பைப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

அவர் என் எண்ணை எதற்கு வாங்கினார் என்பது நான் ஊர் திரும்பிய மறுநாளே தெரிந்தது. விடிந்தும் விடியாமலும் போன் அடித்தது. வழக்கம்போல் தள்ளிவிடப் போனேன். நல்லவேளை, பெயர் கண்ணில் பட்டது.

“தாயி, மாத்திரை போட்டியா?”

“போட்டுட்டேன்க்கா” என்றேன், போர்வைக்குள்ளிருந்தே.

மறுமுனையில் ஜீப் உறுமியது. பின்னால் பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

“பொய் சொல்லாத. ஒறக்கம் கொரல்லயே தெரியுது. எந்திரி. நான் வைக்க மாட்டேன், லைன்லயே இருக்கேன். இப்ப ஏழாவது வளைவுல வாறோம். ஒம்பதுல டவரு போயிரும். அதுக்குள்ள போட்டுட்டுச் சொல்லு.”

போர்வையை உதறிவிட்டுத் தண்ணீர் எடுக்க ஓடினேன்.